கூடைக்குள் போன குரல்

எல்மர் வாச்சாச்சாவின் குரல், அவர் மனைவி லுவெல்லா பின்னிய கூடையின் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மாட்டிக்கொண்டது. அந்த வருஷம் எங்கள் மலையூரான பிக் கோவ் பக்கம் உறைபனி முன்னதாகவே விழுந்து பீன்ஸ் கொடியெல்லாம் கருகிப்போனதால் எங்களில் பலருக்கு அது நன்றாக நினைவிருக்கிறது.

லுவெல்லா பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு சமுதாயக் கல்லூரியில் நுண்கலை படிக்கச் சேர்ந்தவள். எங்கள் செரோக்கிப் பழங்குடிக் கலைகளுக்கென்று அங்கே தனி வகுப்பு. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் அவள் மகளைவிடச் சின்னவர்கள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான் என்பதால், பாஸ் ஆவது அவளுக்கு உயிர்ப் பிரச்சனையாக இருந்தது. எல்மர் டிக்கெட் வாங்கித் தூண்டில் போடுகிற டிரவுட் மீன் குளம் ஒன்று வைத்திருந்தார். வெளியூர்க்காரர்கள் மீனுக்காக வந்ததைவிட அவர் பேச்சுக்காக வந்ததுதான் அதிகம். சர்ச்சில் ஜெபம் நடக்கும்போதுகூட அந்த மனிதருக்கு வாய் சும்மா இருக்காது.

இரட்டைப் பின்னல் கூடை அடியில் தொடங்கும். உள்சுவர் மேலேறி, விளிம்பில் மடிந்து, வெளிச்சுவராகக் கீழே இறங்கி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து முடியும். மடிக்கும் இடத்தில் எண்ணிக்கை தப்பினால் மொத்த வேலையும் பாழ். வால்நட் வேரில் சாயம் போட்ட மூங்கில் பிளாச்சுகளை விரலுக்கு விரல் பிடித்துக்கொண்டு லுவெல்லா சரியாக அந்த இடத்தில் இருந்தபோதுதான், அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த எல்மர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நேத்து குளத்துக்கு ஒரு கரடி வந்துச்சுடி. இருக்கிறதுலயே பெரிய மீனாப் பாத்துக் கவ்விக்கிட்டு என் எதிர்ல வந்து நிக்குது. ‘அப்பனே, டிக்கெட் வாங்குனியா?’ன்னு கேட்டேன். அது மீனைக் கீழ வச்சிட்டு, என்னப் பாத்து என்ன சொல்லுச்சு தெரியுமா?”

“எல்மர், செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இரேன். எண்ணிக்கிட்டிருக்கேன்ல?”

எல்மர் வாயை மூடினார். லுவெல்லா விளிம்பை மடித்தாள். வண்டியில் வரும்போது அவர் பேசவில்லை. கோபம் என்று நினைத்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு கேட்க வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். வெளிச்சுவர் கீழே இறங்கி, கடைசிப் பிளாச்சை அடியில் செருகின அன்று, கூடை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, “அப்பனே, டிக்கெட் வாங்குனியா?” என்றது. ஒரு பெண் கையிலிருந்ததைச் சாயப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

வாத்தியாரம்மா பிளைத், ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். “அறுத்துடு லுவெல்லா, குரல் வெளிய வரட்டும். மார்க் போட்டாச்சு, அத நான் திருப்பிக் கேக்க மாட்டேன்.” லுவெல்லா கத்தியை வாங்கத்தான் செய்தாள். ஆனால் கல்லூரியின் வருஷக் கடைசிக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. “ஷோ முடியட்டும், அறுத்துடறேன். சரியா?” என்று எல்மரிடம் கேட்டாள். அவர் தலையாட்டினார். கண்காட்சி முடிந்து பட்டமும் கிடைத்ததும், இலையுதிர் காலச் சந்தைக்குக் கூடையை அனுப்பச் சொன்னார்கள். அவர் தலையாட்டினார். அங்கே முதல் பரிசு வந்ததும் மியூசியத்தில் கொஞ்ச காலம் வைத்துத் தருவதாகக் கேட்டார்கள். அதற்கும் தலையாட்டினார். குரல் இல்லாத மனிதர் வேறு என்னதான் செய்வார்? ஊரும் கூடையைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்தது, அவர் முகத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. குளத்துக்கு ஆள் வருவது குறைந்தது. எல்மர் கூப்பிட்டால் ஓடிவந்து பழகிய அவர் நாய், கூப்பிட ஆளில்லாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டோடு போய்விட்டது. பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய வீட்டில், பேச்சுச் சத்தமே இல்லாமல் வருஷங்கள் ஓடின.

ஒரு வசந்தத்தில், காட்டுப் பூண்டு பறிக்கும் சமயம், எல்மர் குளத்தங்கரையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் லுவெல்லா கத்தியோடு மியூசியத்துக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை, காவலாள் அவராகவே கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவள் கூடையை மடியில் வைத்து விளிம்பைத் தடவிப் பார்த்தாள். “இப்ப அறுத்தா அது எங்க போயி நிக்கும்? தொண்டையத்தான் மண்ணுல வச்சிட்டு வந்துட்டேனே,” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் திரும்பவும் உள்ளே வைத்தாள். அன்று அவள் அழுத அழுகையைக் கேட்டவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இப்போதெல்லாம் வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வருகிறாள். காவலாள் பெட்டியைத் திறந்து, நாற்காலி போட்டுவிட்டுப் போகிறார். கூடை எங்கள் மொழியில் கரடிக் கதையைத் தொடங்குகிறது. டிக்கெட் கேட்கிற இடத்தில் அவள் தவறாமல் சிரிக்கிறாள். “என்னப் பாத்து என்ன சொல்லுச்சு தெரியுமா?” என்று கேட்டுவிட்டுக் கூடை நிறுத்திக்கொள்கிறது. வாயை மூடச் சொன்னது அவள்தானே.

“தெரியாது எல்மர், சொல்லு,” என்கிறாள் லுவெல்லா. மூடுகிற நேரம் ஆனதும் காவலாள் மற்ற அறைகளின் விளக்குகளை அணைக்கிறார், அந்த ஒன்றை மட்டும் அவள் எழுந்திருக்கும்வரை எரியவிடுகிறார்.