எட்டுத் திருகுகள்

தன் இடது கை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்று மூன்று மாதமாக நம்பியிருந்தாள் அக்கா.

குழுவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப்பிறந்தவன் என்னவோ கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவன்தான். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுப் பாடகிக்கும், 'இடி' என்று பட்டப்பெயர் வாங்கிய டிரம்ஸ்காரனுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. பதினோரு வருடமாகக் குழுவில் பேஸ் கிட்டார் அவளுடையது. பகலில் பல் செட் செய்யும் இடத்தில் வேலை. மெழுகில் பல் செதுக்குவாள். ஒரு மயிரிழை பிசகினாலும் வாயில் உட்காராத வேலை அது.

முதலில் வந்தது ஓர் இரைச்சல். தடித்த கம்பியை அழுத்தி மீட்டினால் 'கும்' என்று வர வேண்டிய ஒலி, டப்பாவுக்குள் வண்டு மாட்டியதுபோல் 'கிர்ர்' என்று வந்தது. ஒத்திகையில் பாடகி பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"கிட்டார்ல ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன்" என்றாள் அக்கா.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று பாடகி சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அது போய்த் தைத்தது.

"நான் நேத்தே பாத்துட்டேன்க்கா, கிட்டார்ல ஒரு குறையும் இல்ல" என்றான் தம்பி. "நீ சரியா அழுத்தலையோ என்னவோ. விரல் வலிக்குதா?"

அவன் கேட்ட பிறகுதான் விரல் வலிப்பதுபோல் இருந்தது.

அன்றிலிருந்து இறுக்கி அழுத்தினாள். விரல் நுனி கன்றிப்போயிற்று. இரைச்சல் போகவில்லை. பல் செதுக்கும்போதும் மெழுகைப் பிடிக்கும் இடது கை நடுங்குகிறதோ என்று சந்தேகம் வந்தது. ஒரு நாள் கத்தி வழுக்கி மெழுகு பாழானது. மறுநாள் முதலாளியிடம் போய், தன்னைச் செதுக்கும் மேசையிலிருந்து மாற்றி, பொட்டலம் கட்டி அனுப்பும் பகுதியில் போடச் சொன்னாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

நரம்புப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவன் தம்பிதான். கையில் ஊசியைச் செருகி, மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். ஒவ்வோர் ஊசிக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நரம்பில் ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். திரும்பும் வழியில், "சில வியாதி ஆரம்பத்துல தெரியாதாம்க்கா" என்றான். "கொஞ்ச நாள் வாசிக்காம இருந்து பாரேன்."

அவன் சொன்னது அவளுக்கு நியாயமாகவே பட்டது. தன்னால் குழு கெட வேண்டாம் என்று முடிவு செய்து, கிட்டாரை விற்றுத் தரச் சொல்ல வைத்தியரிடம் எடுத்துப்போனாள்.

வைத்தியர் என்றால் கிட்டார் வைத்தியர். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. கழுத்துடைந்ததும் வயிறு பிளந்ததுமாகச் சுவர் முழுக்க நோயாளிகள். அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, சுவரிலிருந்து வேறொரு பேஸ் கிட்டாரை எடுத்து நீட்டினார்.

"கை போச்சுங்கிறீங்க. இதை வாசிங்க பாப்போம்."

வாசித்தாள். ஒவ்வொரு சுரமும் கழுவி வைத்த பாத்திரம்போலச் சுத்தமாக வந்தது. மீண்டும் வாசித்தாள். நம்பிக்கை வராமல் மூன்றாவது முறையும்.

அதற்குள் அவர் அவளுடைய கிட்டாரை மேசையில் கிடத்தியிருந்தார். ஒரு கம்பியை இரு முனையிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தார். தகடு நுழையவில்லை.

"கம்பி ஆடுறதுக்குக் கழுத்துல இம்மியளவு குழிவு இருக்கணும். இதுல இல்ல, நேரா நிமித்தி வச்சிருக்கு. கம்பியும் தரையில படுத்துக் கிடக்கு. நீங்க எவ்வளவு அழுத்தினாலும் கழுத்துக்குக் குறுக்கே இருக்கிற அடுத்த ஃப்ரெட்டுக் கட்டையில தட்டத்தான் செய்யும்."

"வெயிலுக்கு மரம் வளைஞ்சிருக்குமோ?"

"மரம் தானா வளையும்மா. திருகு தானா திரும்பாது." கம்பிகள் அமர்ந்திருக்கும் அடிப்பாலத்தைக் காட்டினார். கம்பிக்கு இரண்டாக எட்டுச் சின்னத் திருகுகள். "போன வருஷம் நான்தான் உயரம் வச்சு, அசையாம இருக்க ஒவ்வொண்ணு மேலயும் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டேன். எட்டுப் பூச்சையும் ஒடைச்சு, எட்டுத் திருகையும் ஒரே அளவுக்கு இறக்கியிருக்காங்க."

பிறகுதான் அவருக்கு ஏதோ நினைவு வந்தது. "உங்க தம்பி வந்து இந்தத் திருகைத் திருப்புற சின்ன ஆலன் கீ வாங்கிட்டுப் போனாரே? எந்தப் பக்கம் திருப்பினா கம்பி இறங்கும்னு கேட்டாரு. தன்னோடதுக்குன்னுல்ல நினைச்சேன்."

கிட்டார் எப்போதும் ஒத்திகை அறையில்தான் இருக்கும். ஒத்திகை அறைக்கு இரண்டே சாவி. ஒன்று அவளிடம், இன்னொன்று அவனிடம்.

வைத்தியர் கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும் உள் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தினார். எட்டுத் திருகையும் ஏற்றினார். ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி, காதைச் சாய்த்துக் கேட்டார். முக்கால் மணி நேர வேலை. அதற்காக அவள் கையில் ஊசி குத்தியிருந்தார்கள்.

ஞாயிறு மத்தியானம் ஒத்திகைக்குப் போனாள். அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் புதுப் பையன் ஒருவன் பேஸ் கிட்டாரோடு நின்றிருந்தான். அவள் தன் கிட்டாரை மாட்டி, தடித்த கம்பியை மீட்டினாள். தரை அதிர்ந்தது. இரைச்சல் துளியும் இல்லை.

"கை சரியாயிடுச்சா அக்கா!" என்று எழுந்தே விட்டான் இடி.

"கைக்கு ஒண்ணுமே ஆகல. ஏன்னு தம்பிகிட்டயே கேளு."

தம்பி தரையைப் பார்த்தான். நடித்துக்கூடப் பார்க்கவில்லை. "ஒலிப்பதிவு கம்பெனிக்காரன் சின்ன வயசு ஆளா வேணும்னான்க்கா. உன்கிட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரல. நீயா விலகிட்டா யாருக்கும் மனசு நோகாதுன்னு..."

"யாருக்கும்னா யாருக்குடா?"

அவன் குனிந்து தன் கிட்டாரின் ஒலியைக் குறைத்தான்.

"வேண்டாம்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் அழுதிருப்பேன். மூணாம் நாள் உன் பாட்டைக் கேக்க முதல் வரிசையில வந்து உக்காந்திருப்பேன். ஆஸ்பத்திரில என் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, அப்பவாவது சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு" என்றான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

கிட்டாரைக் கழற்றி உறையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். இடி பின்னாலேயே தெருமுனை வரை வந்தான். பிறகு திரும்பிப் போனான்.

ஒலிப்பதிவு நடந்தது. பாட்டு நன்றாகவே ஓடியது. நாலு பேர் பேசும்படி தம்பி வளர்ந்துவிட்டான். அம்மாவுக்கு விஷயம் தெரிந்தபோது, "கூடப்பிறந்தவன்டீ, விட்டுக்கொடு" என்றாள். "அவன்தான்மா என்னை விட்டுக்கொடுத்துட்டான்" என்று சொன்னாள் அவள். அம்மா அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செதுக்கும் மேசைக்குத் திரும்பிப் போக அவளுக்கு நான்கு மாதம் ஆனது. விரல்களில் குறையில்லை என்று தெரிந்தும், கத்தியை எடுக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ நடுங்கியது. முதலாளி அவசரப்படுத்தவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை, முன்பல் ஆறையும் ஒரே மூச்சில் செதுக்கி முடித்து நிமிர்ந்தபோது, நடுக்கம் எப்போது நின்றது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி போன் செய்தான். மூன்றாவது மணியில் எடுத்தாள். அம்மாவின் மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டான். சொன்னாள்.

"வேற என்னக்கா?" என்றான்.

"வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.