புதைத்த அத்திமரத்துக்கு யார் நாள் குறிப்பது?

என் அப்பா லிபோரியோ சாகும்போது பெண்டாட்டி பெயரைச் சொல்லவில்லை, பிள்ளைகள் பெயரையும் சொல்லவில்லை. "மரத்தை அவசரப்பட்டு வெளிய எடுத்துடாதீங்க" என்றார். பிறகு எப்போதுதான் எடுப்பது என்று அம்மா கேட்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அது ஜனவரி மாதம். அமெரிக்காவில் எங்கள் பஃபலோ நகரம் முழுக்க இடுப்பளவு பனி. மரம் கொல்லையில் மண்ணுக்கடியில் படுத்திருந்தது.

இத்தாலியின் சிசிலித் தீவிலிருந்து வந்தவர்கள் நிறைந்த தெருவாக இருந்தது எங்களுடையது. எல்லோரும் புறநகருக்குப் போன பிறகு அத்திமரம் மிஞ்சியது இரண்டே கொல்லைகளில்: எங்களுடையது ஒன்று, வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா காஸ்பரேயுடையது ஒன்று. அந்த மரத்துக்கு இந்த ஊர்க் குளிர் ஆகாது. நவம்பரில் கல்லறைத் திருநாள் கழிந்ததும் ஒரு பக்கத்து வேரை வெட்டி, கிளைகளைக் கட்டி, பழைய கோட்டுகளைச் சுற்றி, மரத்தைச் சாய்த்துப் பள்ளத்தில் படுக்க வைத்து மண்ணைப் போட்டு மூட வேண்டும். குளிர் போனதும் தோண்டி எடுத்து நிமிர்த்த வேண்டும். ஒரு வருடம் புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர், கோட்டு போட்ட நீளமான எதையோ அப்பா குழியில் இறக்குவதைப் பார்த்துத் துப்பாக்கியில் கையை வைத்துவிட்டார். அம்மா குழிக்குள் இறங்கிப் பொத்தானைக் கழற்றி உள்ளே இருப்பது மரம்தான் என்று காட்டிய பிறகே காபி குடிக்கச் சம்மதித்தார்.

அண்ணன் தம்பி இருவரும் பேசி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு மரங்களுக்கும் மூலமான, ஊரிலிருந்து வந்த அத்திக் குச்சி யாருடையது என்பதுதான் வழக்கு. அப்பா அதைச் சட்டைக் கைக்குள் செருகிக் கப்பலில் கொண்டுவந்தார். "வெட்டினவன் நான். அவன் வெறும் சுமைதூக்கி" என்பது சித்தப்பாவின் கட்சி. மூன்றடி தூரத்தில் நிற்கும் தம்பிக்கு அம்மா மூலமாகத்தான் அப்பா சேதி அனுப்புவார்.

"நுன்சியா, அந்த ஆள்கிட்ட சொல்லு. அவன் கூரைத் தண்ணி என் தக்காளிமேல கொட்டுது."

"அண்ணி, அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க. தக்காளின்னா தண்ணி குடிக்கும்."

அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்துக்குச் சித்தப்பா வந்தபோது கூடமே அடங்கிப் போனது. சவப்பெட்டிமேல் குனிந்து அண்ணன் காதில் ஏதோ முணுமுணுத்தார். பதிலுக்குக் காத்திருப்பவர்போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எல்லோரும் அழுதார்கள். அடுத்த ஞாயிறு பாதிரியார் அதையே பிரசங்கமாக வைத்துக்கொண்டார்.

மார்ச்சில் அம்மாவுக்குத் தூக்கம் போனது. சீக்கிரம் எடுத்தால் மரம் குளிரில் கருகிவிடும், தாமதித்தால் மண்ணுக்குள் அழுகிவிடும். "மரம் செத்துதுன்னா அங்க போய் அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? இங்க நாப்பது வருஷம் பேச்சு கேட்டேன். அதுக்காவது ஒரு முடிவு இருந்துது. அங்க முடிவே கிடையாதாமே!"

புறநகரில் மூன்று பேரிடம் போனில் கேட்டாள். நான்கு தேதிகள் கிடைத்தன.

"அப்பா எப்படிம்மா நாள் பாப்பாரு?" என்றேன்.

"பாக்கறதாவது! காலையில சமையலறை ஜன்னல்ல நிப்பாரு. திடீர்னு ஒருநாள் 'இன்னைக்கு'ம்பாரு."

அந்த ஜன்னலிலிருந்து தெரிவது சித்தப்பாவின் கொல்லை மட்டும்தான். அம்மாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "காஸ்பரேக்குத் தெரியும். அவன் எடுக்கற அன்னைக்கு நாமளும் எடுத்துடலாம். வாயத் தொறந்து மட்டும் கேட்டுடாதே. கேட்டா, குச்சி அவனோடதுன்னு நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

வேலைக்குக் கிளம்புமுன் தினமும் ஜன்னலில் நின்றேன். எதிர் ஜன்னலில் சித்தப்பாவும் நின்றார். ஈஸ்டர் போனது, ஏப்ரலும் போனது. தெருவில் மே மாதத்து லைலாக் பூவே பூத்துவிட்டது. அப்புறம் ஒரு சனிக்கிழமை அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அண்ணி! மரத்தை அழுக விடறதா முடிவே பண்ணிட்டீங்களா?"

"நீங்க இன்னும் எடுக்கலையே!"

"நான் எதுக்கு எடுக்கணும்? லிபோரியோ எடுத்தாத்தானே நான் எடுப்பேன்!"

"என்னது? அவரு உங்களைப் பாத்துதானய்யா எடுப்பாரு!"

நான் இரண்டு ஜன்னல்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அப்போ இத்தனை வருஷமா முதல்ல எடுத்தது யாரு?" என்றேன்.

சித்தப்பா யோசித்தார். "அவன் பூட்ஸை மாட்டினா நானும் மாட்டுவேன். நான் மண்வெட்டியைத் தொட்டா அவனும்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அன்னைக்கு அவர் காதுல என்னதான் சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"'எப்படா எடுக்கறது'ன்னு கேட்டேன். வாயத் தொறக்கல. செத்தும் திமிர் போகல அவனுக்கு."

உடனே தோண்டினோம். முதலில் சித்தப்பாவுடையது. கோட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. கிளையில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றி எங்கள் பக்கம் வந்தார்.

எங்கள் குழியில் பலகைக்கு அடியில் தார்ப்பாய், அதற்கடியில் கந்தல் கோட்டுகள். கடைசியாக, மரத்தோடு ஒட்டினாற்போல், ரோமக் கழுத்துப்பட்டை வைத்த சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று.

"என் கோட்டு!" என்று அம்மா அலறினாள். போன நவம்பரிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருந்தாள். என் தங்கை அகாத்தா திருடிவிட்டாள் என்று சொல்லிக் கிறிஸ்துமஸ் அன்றுகூட அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "நல்ல கோட்டு இது. கல்யாணத்துக்குக்கூட ரெண்டு தடவைதான் போட்டேன்!"

கோட்டை விலக்கினோம். வெளிறிப்போன துளிர்கள் கிளையெங்கும் விட்டிருந்தன. மரம் உயிரோடு இருந்தது.

சித்தப்பா பையிலிருந்து கத்தியை எடுத்து, கேட்காமல், ஒரு குச்சியை நறுக்கினார்.

"ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டக் கூடாதா?" என்றாள் அம்மா.

"அன்னைக்கு ஊர்லயும் கேட்டா வெட்டினேன்?" குச்சியைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டார். "இந்தத் தடவை சுமக்கறதும் நான்தான்."

அம்மா கோட்டை உதறிக் கொடியில் போட்டாள். ரோமத்திலிருந்து ஒரு மண்புழு விழுந்தது. அவள் முகத்தில் ஜனவரிக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு தெம்பு தெரிந்தது.

"இனிமே பயம் இல்லடா. அங்க போனதும் மொதல்ல வாயத் தொறக்கப் போறது நான்தான்" என்றாள். "கோட்டுலேர்ந்து ஆரம்பிக்கறேன்."