தீவிலிருந்து வந்த முதலீடு

அந்த அரசுப் புள்ளிவிவர அலுவலகத்தில் நாட்டுக்குள் வரும் பணத்தை நான்காம் மாடி அளந்தது. வெளியே போகும் பணத்தை மூன்றாம் மாடி அளந்தது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கேன்டீனில் ஜன்னலோர மேசை யாருக்கு என்று எப்போதோ தொடங்கிய மனஸ்தாபம்.

நான்காம் மாடியில் ஓர் இளம்பெண் இருந்தாள். எதையும் சட்டென்று நம்பமாட்டாள் என்பதால் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் காலாண்டின் அந்நிய நேரடி முதலீட்டுக் கணக்கு அவள் கையில் இருந்தது. இதுவரை காணாத உயரம். காரணம் ஒரே ஒரு வரவு. எங்கோ ஒரு தீவிலுள்ள கம்பெனி, உள்ளூர் சிமென்ட் ஆலையில் போட்ட பெருந்தொகை.

"நாளைக்கு அமைச்சர் அறிவிக்கணும். இன்னும் என்னத்தம்மா துழாவிட்டிருக்கே?" என்றார் பிரிவுத் தலைவர்.

"ஒரே ஒரு போன் சார்."

"அந்தக் கம்பெனிக்காரங்கதான் மெயில்ல உறுதி பண்ணிட்டாங்கல்ல? சலிச்சது போதும், அனுப்பு."

அவர் போனதும் அவள் தீவுக்கு அழைத்தாள். அங்கே அப்போது நடுச்சாமம். பதிவு செய்த குரல்தான் வரும், செய்தியை விட்டுவிட்டு வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். முன்பின் தெரியாதவரிடம் பேச அவளுக்குக் கூச்சம். ஆனால் முதல் மணியிலேயே எடுத்தார்கள். வழவழப்பான ஆங்கிலத்தில் ஓர் ஆண், தொகை சரி, பணம் எங்களுடையதுதான் என்றான். தன் பெயரையும் பிரிவையும் அவள் சொல்லி முடிக்கும்போது, அவனுக்குப் பின்னால் அவள் ஊர் மொழியில் ஒரு குரல் கேட்டது.

"கதவருகே நிற்காதீ...ர்கள்."

அவள் போனை வைத்தாள். அந்த இழுவை தெரிந்ததுதான். அக்கா கணவர் ஆடிட்டர். அவர் ஆபீஸ் வாசலை ஒட்டிய லிஃப்டின் பதிவுக் குரல் அதே இடத்தில்தான் திக்கும். "எங்க லிஃப்ட் என் மாமியாரைவிட அதிகமா பேசுது" என்று போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் சொல்ல, அம்மாவே சிரித்துவிட்டாள்.

உலகத்தில் திக்குகிற லிஃப்ட் ஒன்றுதானா? மனம் கேட்கவில்லை. மூன்றாம் மாடிக்கு இறங்கினாள்.

"வழி தவறிட்டியா?" என்றாள் அங்கிருந்த எழுத்தர்.

அவள் வரவுத் தாளை நீட்டினாள். "மேடம், இந்தத் தீவுக்கு இங்கிருந்து ஏதாவது போயிருக்கா?"

"போயிருக்கே. முந்தின மாசம் அந்த சிமென்ட் ஆலைக்காரங்களே கடன்னு அனுப்பினாங்க. கிட்டத்தட்ட அதே தொகை." எழுத்தர் சிரித்தாள். "ஊர் சுத்திப் பாத்துட்டு வீடு திரும்பிடுச்சு போல. நீங்களும் கேட்டதில்ல, நாங்களும் சொன்னதில்ல."

அவள் இருக்கைக்குத் திரும்பியதும் கைபேசி அடித்தது. அக்கா.

"குட்டி, ஏதோ சிமென்ட் கணக்கை நோண்டறியாமே? நமக்கெதுக்குடி பொல்லாப்பு?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அத்தான்தான். ஆடிப்போயிட்டாரு. காட்டின இடத்துல கையெழுத்து போட்டதுதான் பாவம் அவர் செஞ்ச தப்பு. எனக்கே இப்பதான் தெரியும். இது வெளிய வந்தா அவரு லைசென்ஸ் போயிடும். அப்புறம் நாங்க நடுத்தெருதான்." அக்கா விசும்பினாள்.

அக்கா அழுதால் அவளுக்குத் தாங்காது. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்த ஒவ்வொரு இரவும் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தவள் அக்கா. திரையில் 'உறுதி' என்ற கட்டத்தை நோக்கி அவள் விரல் நகர்ந்தது.

"அழாதேக்கா. எங்க இருக்கே?"

"வீட்லதான். அடுப்பு முன்னாடி நின்னுட்டிருக்கேன்."

"கதவருகே நிற்காதீ...ர்கள்."

அவள் விரல் கட்டத்துக்கு முன்பே நின்றது.

"டிவி ஓடுதுடி," என்றாள் அக்கா. குரலில் விசும்பல் சுத்தமாக நின்றிருந்தது.

"சரிக்கா. அடுப்பைப் பாத்துக்கோ."

கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அந்த வரவை எடுத்துச் 'சரிபார்ப்பு நிலுவை'யில் போட்டாள். காலாண்டின் உயரம் பாதிக்குமேல் சரிந்தது. கைபேசி மறுபடி அதிர்ந்து மேசையில் நகரத் தொடங்கியது. அவள் அதைத் தொடாமல் எழுந்து, தலைவரின் அறைக்கு நடந்தாள்.