ரயிலிலிருந்து அளந்த வீடு

தூரத்தில் ரயிலின் முகம் தெரிந்துவிட்டது, சத்தம் இன்னும் வரவில்லை, தண்டவாளம் மட்டும் மெல்ல முனக ஆரம்பித்திருக்கிறது, சானடோரியம் ஸ்டேஷன் நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்கு நாலடி பின்னால் தூணோடு முதுகை ஒட்டி நிற்கிறேன், ரயில் நின்ற பிறகுதான் நகர வேண்டும் என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம், குதிகாலை உயர்த்தி உயர்த்திப் பார்க்கிறேன், நாற்பத்தொரு வயதில் ஒரு மின்சார ரயிலை இப்படி எட்டிப் பார்க்கிறேனே என்று எனக்கே சிரிப்பாக இருக்கிறது, பக்கத்தில் என் தம்பி இளஞ்சேரன், என் சாப்பாட்டுப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அக்கா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, கார் வீட்டு வாசல்லதான் நிக்குது என்கிறான், நான் ரயிலையே பார்க்கிறேன், இன்று என் முதல் நாள்.

மூன்று வருடம் முன்பு நானும் ஸ்கூட்டர் ஓட்டினவள்தான், மேடவாக்கம் சிக்னலில் நின்றிருந்தபோது எங்கிருந்தோ ரப்பர் கருகும் வாசனை வந்தது, அப்புறம் வானம்தான், என்னைச் சுற்றிக் குனிந்த முகங்கள், வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணித்தால் நின்றுவிடும் என்று நம்புகிற யாரோ என் உள்ளங்கையில் ஒரு சாவிக்கொத்தை வைத்து அழுத்தியிருக்கிறார்கள், விரலெல்லாம் கீறல், இனிமே வண்டி ஓட்டக் கூடாதும்மா, தூக்கமும் சாப்பாடும் நேரத்துக்கு இருக்கணும் என்றார் டாக்டர், மாத்திரை ஒத்துக்கொண்டது, பதினான்கு மாதமாக ஒருமுறைகூட வரவில்லை, ஆனால் தம்பியின் பயம் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை, தினமும் காலையில் என்னைக் காரின் பின்சீட்டில் உட்கார வைத்து, மேடவாக்கத்திலிருந்து எழும்பூருக்கு, நான் பல் செட் செய்கிற லேப் வாசல்வரை, ஒன்றரை மணி நேரம், பிறகு அதே நெரிசலில் திரும்பி சோழிங்கநல்லூரில் தன் ஆபீசுக்கு, அவன் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமே, குறை இருந்தால் சண்டை போட்டிருப்பேன். நேரத்துக்குத் தூங்கச் சொன்ன டாக்டர் பேச்சை மீறி ஐந்து மணிக்கு எழுந்து, பின்சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்தால், கனவில் என் கட்டில் தண்டவாளத்தில் போகும், குரோம்பேட்டை, பல்லாவரம், பரங்கிமலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கும், ஒவ்வொரு நடைமேடையிலும் ஒரு வீட்டு வாசல் திறந்திருக்கும், இறங்கலாமா என்று காலை நீட்டுவேன், அக்கா, எழும்பூர் வந்துடுச்சு என்பான் தம்பி, கண் விழித்தால் இறங்கவே இல்லாத களைப்பு. அப்படி ஒருநாள் கண் விழித்தபோதுதான், கனவில் காலை நீட்டினவள் நனவில் நீட்டினால் என்ன என்று தோன்றியது.

எல்லாரும் வீட்டைப் பார்த்துவிட்டு வழியைத் தேடுவார்கள், நான் ரயிலைப் பார்த்துவிட்டு வீட்டைத் தேடினேன், தம்பிக்கு வேலை முடியாத மாலைகளில் எழும்பூரில் ரயிலேறி தாம்பரம் வந்து பஸ் பிடித்து வீடு சேர்வேன், அந்த ஆறு பத்து ரயிலின் லேடீஸ் பெட்டியில்தான் சகாயராணி அக்காவைப் பார்த்தேன், மடியில் முறம் மாதிரி பேப்பரை விரித்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கேட்காமலே என்னிடம் பாதியைத் தள்ளினாள், நார் எடுத்துக் குடு, சும்மாதானே உக்காந்திருக்கே, நான்கு நாள் நார் எடுத்தபின் என் வலிப்பைப் பற்றி அவளிடம் சொன்னேன், அவள் கத்தியை நிறுத்தவே இல்லை, எங்க ஓர்ப்படியா மகளுக்கும் இருக்கு, ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும், வாயில ஒண்ணும் வெக்கக் கூடாது, சாவி கீவி எதையும் கையில திணிக்கக் கூடாது, அவ்ளோதானே, ஏய் புள்ளைங்களா கேட்டுக்கிட்டீங்களா என்று பெட்டி முழுக்கக் கேட்க உரக்கச் சொன்னாள், எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பத்துப் பன்னிரண்டு பேர் தலையாட்டியதில் அழுகையாகவும் வந்தது. ரயிலை ஒட்டி வீடு தேடுகிறேன் என்றதும் அவளே சொன்னாள், காலையில எட்டு ரெண்டு வண்டியில நாங்க எல்லாரும் இருப்போம், பல்லாவரத்துல வீடு பாக்காதே, அங்க வர்றதுக்குள்ள ரொம்பிடும், நிக்கத்தான் முடியும், சானடோரியத்துல பாரு, தாம்பரத்துல கிளம்பி அடுத்த ஸ்டேஷன், உக்காந்துட்டே போலாம், உனக்கு நிக்கிறது ஆகாது.

புரோக்கர் தேவநாதன் பைக்கில் வந்தார், ஏறுங்கம்மா, ஸ்டேஷன்லேருந்து அஞ்சே நிமிஷம், யார் காலுக்கு அஞ்சு நிமிஷம் என்று கேட்டு நான் நடந்தேன், அவர் என் பக்கத்திலேயே ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்து வந்தார், முதல் வீடு பதினெட்டு நிமிஷம், இரண்டாவதற்கு மெயின் ரோட்டைக் கடக்க வேண்டும், ஆகாது, மூன்றாவது வீட்டில் முதலில் காட்டியதே கார் நிறுத்தும் இடத்தைத்தான், எங்கிட்ட கார் இல்லீங்களே, வாங்குவீங்கல்ல, மாட்டேன், அட, பாக்க வர்றவங்க நிறுத்துவாங்கல்லம்மா, வண்டி இல்லாதவங்களுக்கு வீடு காட்டி எனக்கு கிளட்சே தேஞ்சுபோச்சு என்று புலம்பினார், மழை வந்தால் வாங்க, தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று அன்றைக்கு நடந்து பார்க்கிறேன் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் மழையில் குடையோடு வந்தார், பாவம், ஐந்தாவது வீடு மாடியில் ஒற்றை அறை, ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெரு, கணுக்கால்கூட நனையவில்லை, என் காலுக்கு ஆறு நிமிஷம், நான் அந்தக் காலி அறையின் நடுவில் நின்று கைதட்டிவிட்டேன்.

தம்பி கைதட்டவில்லை, ரயில்ல வலிப்பு வந்துட்டா என்ன பண்ணுவே, சொல்லுக்கா, என்ன பண்ணுவே, சகாயராணியைப் பற்றிச் சொன்னேன், யாரோ ஒரு ரயில் பொம்பளை என்றான், அவன் குரல் உடைந்துபோயிருந்தது, கடைசியில் ஒரு வாரம் என்று ஒப்புக்கொண்டான், ஒரு வாரம் போய்க் காட்டு, ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னாலும் பேசாம வீட்டுக்கு வந்துடணும், சரி என்றேன். இன்று காலை ஏழரைக்கே என் புது வீட்டு வாசலில் அவன் கார், ஸ்டேஷன்வரைக்குமாவது விடறேனே, ஆறு நிமிஷம் நடக்க வேண்டிய தூரத்துக்கு, நான் நடந்தேன், அவனும் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான், இப்போது ரயில் வந்துவிட்டது, நின்றுவிட்டது, ஏறுகிறேன், சன்னலோரம் சகாயராணி கையாட்டுகிறாள், வா வா, எடம் போட்டிருக்கேன், உட்காரப் போகும்போதே பின்னால் கூச்சல், ஏய்யா, லேடீஸ் பெட்டி, கண்ணு தெரியலையா, எறங்கு எறங்கு, திரும்பினால் இளஞ்சேரன், நாற்பது பெண்களுக்கு நடுவில், தோளில் என் பையோடு, முகம் வெளுத்து, இவங்க என் அக்கா, இவங்களுக்கு உடம்பு, என்று தடுமாறுகிறான், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அடுத்த ஸ்டேஷன்வரை இருக்கட்டும் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள், அவன் எழும்பூர்வரை வருவான், நாளையும் வருவான், சேரா என்றேன், சின்ன வயதில் கூப்பிட்டது போல, பையைக் குடு, நான் போய்க்கிறேன், எறங்குடா.

அவன் தோளிலிருந்து பையை நானே கழற்றினேன், அவன் இறங்கினான், உடனே ரயில் அசைந்தது, இத்தனை நேரம் தூணோடு ஒட்டி நான் நின்ற அதே நடைமேடையில் இப்போது அவன், ரயிலோடு நாலு எட்டு நடந்தான், அப்புறம் நின்றுவிட்டான், கை மட்டும் தூக்கியது தூக்கியபடி, தம்பியாம்மா அது என்று சகாயராணி கேட்டாள், ஆமாங்க்கா, என்னை ரயிலேத்திவிட வந்தான் என்றேன், சொன்ன பிறகுதான் அழுகை வந்தது, கூடவே தாங்க முடியாத சந்தோஷமும், அழட்டும் விடுங்கடி என்று சொல்லிவிட்டு அவள் ஒரு பிடி அவரைக்காயை என் பக்கம் தள்ளினாள், சன்னலுக்கு வெளியே அவன் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, கையை இறக்கவே இல்லை.