தட்டு நிறையப் புளியங்கொட்டை

கச்சிராயபாளையம் சாலையில் மூடிக்கிடந்த கெமிக்கல் கம்பெனி வாசலில், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி கோலமாவால் ஊரின் வரைபடத்தைப் போட வைத்தார். கழிவு கொட்டிய இடத்திலெல்லாம் ஊர்க்காரர்களே தட்டிலிருந்து ஒரு புளியங்கொட்டை எடுத்து வைக்க வேண்டும். அங்கேதான் மண்ணைத் தோண்டி அள்ளுவார்களாம்.

ஆளாளுக்குக் கம்பெனிச் சுவரையொட்டி ஒன்றிரண்டு வைத்துவிட்டு, தங்கமணியின் புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஆறு வருஷம் கம்பெனி டேங்கர் ஓட்டிய கொளஞ்சியப்பன், அதைக் கண்டுகொள்ளாதவன் போல நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அவன் சட்டைகளைத் துவைத்தவள் தங்கமணிதான். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத அந்த அழுகல் நாற்றம் இன்று ஊர்க் கிணறுகளில் அடிக்கிறது. லாரி கழுவுன தண்ணி என்று அவன் சொன்னதை நம்பி, அந்தக் கைக்குச் சோறும் போட்டிருக்கிறாள், சீ!

"யோவ், இன்னாத்துக்குக் குந்திக்கினு இருக்க? வந்து வெய்யி."

அவன் முனகிக்கொண்டே எழுந்து, கோலத்தில் இருந்த ஏரியில் ஒரே ஒரு கொட்டையை வைத்தான்.

"அவ்ளோதான் சார்."

தங்கமணி தட்டோடு தூக்கி, இருந்த கொட்டை அத்தனையையும் அவன் காலடியில் கவிழ்த்தாள்.

"வெய்யி. பத்தலன்னா வூட்டுல இன்னும் ஒரு படி இருக்குது."