பெனிட்டோவின் ஹார்ட் டிஸ்க்

நாலு மணிக்கு ஏஜெண்ட் அனுப்பும் கார் ராயபுரத்துக்கு வந்துவிடும். பெனிட்டோ ஒன்பது மாதத்துக்குக் கப்பலேறுகிறான். மணி ஒன்றரை ஆகியும் அவன் ஹார்ட் டிஸ்க் தயாராகவில்லை. அவன் மனைவி ரோஸ்மேரிக்கு அதைவிடப் பெரிய கலக்கம், செங்கடலில் கப்பல்களைத் தாக்குகிறார்களே, இவன் கப்பல் எந்த வழியில் போகுமோ என்று. "ஆப்பிரிக்காவ சுத்திக்கினுதான் போறோம், பயப்படாத" என்று போன தடவை சொன்னதையே இந்தத் தடவையும் சொல்லியிருந்தான்.

போன கப்பலில் அந்த டிஸ்க்கால் ஏகப்பட்ட பேஜாரு. கேபின் கூட்டாளி தன் மேக் லேப்டாப்பில் செருகினால் படம் பார்க்கலாம், புதிதாக ஒன்றும் ஏற்ற முடியாது. படம் மாற்றிக்கொள்ள முடியாதவனைக் கப்பலில் யார் சீந்துவார்கள்? அதனால் விண்டோஸ், மேக் இரண்டும் ஒத்துக்கொள்ளும் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டுக்கு மாற்றச் சொல்லி ரோஸ்மேரியிடம் நீட்டிவிட்டு, மகராசன் சலூனுக்குப் போய்விட்டான்.

மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எனவே முதலில் எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் இறக்கத் தொடங்கினாள். அது பாதியிலேயே இடமில்லை என்று கையை விரித்தது. எதைக் கழிக்கலாம் என்று தேடியபோது, பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடு ஒரு வீடியோ. ஏதோ குப்பை என்றுதான் திறந்தாள்.

இருட்டில், லைஃப் ஜாக்கெட்டோடு பெனிட்டோ. பின்னால் அலாரம் அலறியது. "மேரி, செங்கடல்ல கீறோம். பக்கத்து கப்பல அடிச்சிட்டானுங்க. எனுக்கு எதுனா ஆச்சுன்னா..." அதற்குமேல் பேச முடியாமல் அழுதான்.

தேதியைப் பார்த்தாள். "நெட்வொர்க் இல்ல மேரி" என்று போன பயணத்தில் நாலு நாள் கூப்பிடாமலே இருந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கூப்பிட்டானே, அதே வாரம். அவளுக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

மூன்று சினிமாவைத் தூக்கிவிட்டு மற்றதையெல்லாம் லேப்டாப்பில் இறக்கினாள். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று அழுத்தினாள். பிறகு அந்த வீடியோவை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப ஏற்றினாள்.

மூன்றே முக்காலுக்கு பெனிட்டோ வந்தான். "முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. லைஃப் ஜாக்கெட் போட்டுகினு பேசுனியே, அத பாத்தேன். பாதியில நிறுத்திட்ட. மீதிய என் மூஞ்ச பாத்து சொல்லு."

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"இந்த வாட்டியும் அதே செங்கடல் வழிதாண்டி" என்றான்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. இரண்டு பேரில் ஒருவரும் கட்டி வைத்திருந்த பயணப் பையைத் தொடவில்லை.