மேடம் அழுத இன்டர்வியூ

டீச்சருக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாமல் போவது அவளுக்குப் புதிதா என்ன? வெளிநாட்டில் இங்கிலீஷ் டீச்சர் வேலை தேட ஆரம்பித்த நாளிலிருந்து கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். ஒரு பள்ளிக்கூடம், இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும் என்று முகத்தில் அடித்த மாதிரி எழுதியது. இன்னொன்று, சிரித்த மாதிரி ஒரு போட்டோ அனுப்பச் சொன்னது. பாடம் நடத்துவதற்குப் பல்லை எதற்குக் காட்ட வேண்டும்? வேறொன்று, பாடவும் ஆடவும் தெரியுமா என்று கேட்டது. இத்தனை வருஷமாகக் குரலை மட்டும் வைத்து ஒரு கிளாஸ் நிறையப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

வெளிநாட்டு மோகமெல்லாம் அவளுக்குக் கிடையாது. அவள் புருஷன் அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். ஏசி மெக்கானிக். கல்யாணமான ஆறாம் மாசம் விமானம் ஏறினார். அவர் வாங்குகிற சம்பளத்துக்குப் பெண்டாட்டியைக் கூடவே வைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் விடாது. அவளே ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போனால்தான் உண்டு. போனால் ஒரே வீடு, ஒரே அடுப்பு. போகாவிட்டால் இப்படியே போனில் குடும்பம் நடத்த வேண்டியதுதான்.

அந்தப் போன் குடும்பமும் இப்போது கோணலாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை லீவுக்கு வர வேண்டியவர் வரவில்லை. "லீவு கிடைக்கல" என்றார். அடுத்த தடவையும் அதே பல்லவி. தினமும் வீடியோவில் வருவார். அதே சுவர், அதே நாற்காலி, தோளுக்கு மேலே மட்டும் ஒரு மனுஷன். "நான் அங்க வந்துடட்டுமா?" என்றால் "பாக்கலாம்" என்பார். "வர வேண்டாமா?" என்றால் அதற்கும் "பாக்கலாம்". வா என்றும் சொல்லாமல் வராதே என்றும் சொல்லாமல் ஒரு மனுஷன் மழுப்பினால் பெண்டாட்டி என்னவென்று நினைப்பாள்? அவளும் அதைத்தான் நினைத்தாள். அங்கே வேறு எவளாவது இருக்கிறாளோ என்று. வாய்விட்டுக் கேட்கப் பயம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

இந்த நேரத்தில்தான் அவர் இருக்கிற ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பதில் வந்தது. கம்ப்யூட்டர் வழியாக இன்டர்வியூ. சின்னப் பிள்ளைகளுக்கு நடத்துகிற மாதிரி ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

"அண்ணி, இதுவும் டுபாக்கூர் கம்பெனியா இருக்கப் போகுது" என்றாள் வாயாடி. வாயாடி என்பது ஏசிக்காரரின் தங்கை. அண்ணியும் அவளுமாகத்தான் அந்த வீட்டில் இருந்தார்கள். செல்போன் கடையில் வேலை. வருகிற வாடிக்கையாளரெல்லாம் ஒரு கவர் கேட்டு வந்து மூன்று கவரோடு போவார்கள், அப்படி ஒரு வாய்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இல்லாத பள்ளிக்கூடத்துக்கு ஆள் எடுக்கிற கும்பல் எத்தனை இருக்கிறது! அதனால் டீச்சர் புருஷனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, இன்டர்வியூ நடக்கிறப்ப நீங்க அந்த வாசல்ல போய் நில்லுங்க. போர்டு இருக்கா, புள்ளைங்க வருதா போகுதான்னு உங்க கண்ணால பாருங்க."

"லீவு போடணுமே..."

"எனக்காக ஒரு நாள் போட மாட்டீங்களா?"

அவர் நாற்காலியில் நெளிந்தார். பிறகு, "சரி, நிக்கறேன்" என்றார்.

அடுத்த நாலு நாளும் வீடு வகுப்பறை ஆனது. செய்கைச் சொற்கள்தான் பாடம். எழுந்து நில், நட, நில், குதி, உட்கார். ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் பெரிய அட்டையில் எழுதி, பக்கத்தில் பொம்மையும் வரைந்து வைத்தாள். வாயாடிதான் மாணவி. "ஜம்ப்" அட்டையைக் காட்டினால் அவள் குதிக்கிற குதியில் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, "ஏம்மா, சீலிங் என் தலையில விழணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆக, பாடம் தயார். தையல் மெஷின் மேல், வாயாடியின் கடையிலிருந்து இரவல் வாங்கிய லேப்டாப். பின்னால் பீரோ தெரியாமலிருக்க வெள்ளைப் போர்வை. சத்தம் கேட்கக் கூடாதென்று ஃபேனையும் நிறுத்தியாயிற்று. வாயாடி கேமராவில் படாமல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "போர்டு இருக்கு, புள்ளைங்களும் இருக்கு. ஆபீஸ் மொதல் மாடியாம். வாசல்ல நிக்கறேன்" என்று ஏசிக்காரரிடமிருந்து தகவல் வந்தது. டீச்சருக்கு மூச்சு வந்தது.

திரையில் ஒரு மேடம் தோன்றினார். ஐம்பது வயசிருக்கும். கண்ணாடி, இஸ்திரி போட்ட கோட்டு. பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் வராந்தா. மேடம் இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டார். டீச்சர் தடுமாறாமல் பதில் சொன்னாள். "நல்லது, பாடத்தை ஆரம்பியுங்கள்" என்றார் மேடம்.

டீச்சர் காத்திருந்தாள். பிள்ளைகள் வருவார்கள் இல்லையா? அவள் பள்ளிக்கூடத்தில் அதிகாரி வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து, ஏற்கெனவே ஒப்பித்துப் பார்த்த பாடத்தையே மறுபடி நடத்துவார்கள். அதிகாரி தலையாட்டுவார், கையெழுத்துப் போடுவார், போவார். அவள் கண்ட பரிசோதனையெல்லாம் அதுதான்.

மேடம் மேஜைக்குக் கீழே குனிந்தார். நிமிர்ந்தபோது தலையில் இரண்டு சிவப்பு ரிப்பன், மடியில் ஒரு துணிக் கரடி. கட்டை விரல் வாயில்.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. சரி, அந்த ஊர்ப் பழக்கமோ என்னவோ என்று மனசைத் தேற்றிக்கொண்டு முதல் அட்டையைத் தூக்கினாள். "ஸ்டாண்ட் அப்!"

மேடம் எழுந்திருக்கவில்லை. உதட்டைப் பிதுக்கினார். கரடியைத் தூக்கி எறிந்தார். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா வேண்டுமாம். வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

"அய்யய்யோ!" என்றாள் டீச்சர், தமிழில்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கமே அதுதானாம். பெரியவரே பிள்ளையாக மாறி அடம் பிடிப்பாராம். வருகிற டீச்சர் எப்படிச் சமாளிக்கிறாள் என்று பார்ப்பார்களாம். அந்தப் பக்கம் வேலை தேடுகிற எல்லாருக்கும் இது தெரியுமாம், அதனால் யாரும் சொல்வதில்லையாம். நல்ல வழக்கம் போங்கள்! நம்ம டீச்சருக்கு ஜோசியமா தெரியும்? ஐம்பது வயசு அம்மாள் கண்ணெதிரே பேதலித்துப் போய்க் கிடக்கிறாள் என்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணி, பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்று கட்டிலிலிருந்து கிசுகிசுத்தாள் வாயாடி.

"சும்மா இருடி! பாவம், அவங்களுக்கு ஏதோ ஆயிடுச்சு. ரூம்ல வேற யாருமே இல்ல. உங்க அண்ணன் கீழதானே நிக்கறாரு, கூப்பிடு!"

வாயாடி போனைக் காதில் வைத்து, "அண்ணா, மேடத்துக்கு என்னமோ ஆயிடுச்சு, மேல ஓடு! மொதல் மாடி! ஓடு!" என்றாள்.

அட்டைகளைக் கீழே போட்டுவிட்டு டீச்சர் லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டாள். வேலையாவது ஒன்றாவது. "மேடம், அழாதீங்க மேடம். தண்ணி குடிங்க. மாத்திரை ஏதாவது போடுவீங்களா? இப்ப ஆள் வந்துடும்" என்று பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகக் கெஞ்சினாள். மேடமோ அந்தக் கெஞ்சலுக்கு இன்னும் ஜோராக அழுதார். இரண்டு பேரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றே சொல்ல முடியாத நிலைமை.

ஏசிக்காரரை மட்டும் காணோம். கீழ் வாசல், முதல் மாடி. ஓடினால் நாலு எட்டு. "எங்கடி உங்க அண்ணன்?" என்றாள் டீச்சர். "ஆமை கூட வந்திருக்கும்" என்று முனகினாள் வாயாடி.

கடைசியில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஓர் உருவம் தெரிந்தது. ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். வலது கால் முன்னால் வந்தது. இடது கால் மடங்காமல், தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் வந்தது. மறுபடி வலது கால். மறுபடி அந்தத் தேய்ப்பு. யாரோ கால் ஊனமான ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று டீச்சர் நினைத்தாள். கதவு திறந்து முகம் தெரிகிற வரைக்கும் அப்படித்தான் நினைத்தாள்.

"மேடம், தண்ணி" என்று மூச்சு வாங்கினார் ஏசிக்காரர்.

மேடம் அழுகையைப் பட்டென்று நிறுத்தி, ரிப்பனோடு நிமிர்ந்து, "யார் நீங்கள்?" என்றார். அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. நடிப்பு என்று மேடம் விளக்கினார். இவர் என் கணவர் என்று டீச்சர் விளக்கினாள். மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஏசிக்காரரும் அசடு வழியச் சிரித்தார். இங்கே ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.

"அண்ணா, கால்ல என்ன?" என்று கட்டிலைவிட்டுக் குதித்து வந்தாள் வாயாடி.

"ஒண்ணுமில்ல, ரொம்ப நேரம் நின்னேன்ல, மரத்துப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தோளுக்கு மேலே மட்டும் தெரிந்தார். தினமும் தெரிகிற அதே மனுஷன்.

டீச்சருக்கு அப்போதுதான் எல்லாம் பிடிபட்டது. லீவு கிடைக்காததும், அதே நாற்காலியும், அந்தப் "பாக்கலாம்"களும். வேறொருத்தி இல்லை என்ற நிம்மதியும், பாவி மனுஷா என்கிட்ட மறைத்துவிட்டாயே என்ற கோபமும் ஒரே நேரத்தில் வந்தன. எதை முதலில் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நேரம் மிச்சமிருக்கிறது, பாடத்தை முடிக்கிறீர்களா? இந்தத் தடவை நான் அழ மாட்டேன்" என்றார் மேடம்.

"முடிக்கிறேன் மேடம். ஆனால் இவர் ஸ்டூடண்டாக இருக்கட்டும்" என்றாள் டீச்சர், சுத்தமான இங்கிலீஷில். மேடம் கை தட்டிவிட்டு நாற்காலியை ஓரமாக நகர்த்திக்கொண்டார்.

ஏசிக்காரருக்கு வியர்த்தது. "வேணாம்மா, அப்புறம் பேசிக்கலாம்..."

டீச்சர் கீழே சிதறிக் கிடந்த அட்டைகளைப் பொறுக்கினாள். முதல் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். குரல் உயரவில்லை, ஆனால் அது வகுப்பறைக் குரல். "ஸ்டாண்ட் அப்."

அவர் மேஜையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வாக்."

அவர் அவளைப் பார்த்தார். வேண்டாமே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அவள் அட்டையைக் கீழே இறக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கமாக நடந்தார். ஒரு எட்டு, ஒரு தேய்ப்பு. ஒரு எட்டு, ஒரு தேய்ப்பு. வாயாடி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். மேடம் முகத்திலிருந்த சிரிப்பும் மெல்ல மெல்லக் காணாமல் போனது.

"ஸ்டாப்" என்றாள் டீச்சர். அவர் ஜன்னலோரம் நின்றார்.

"எப்ப?" என்று தமிழில் கேட்டாள்.

"போன வருஷம். ஏணி சரிஞ்சு விழுந்ததுல முட்டி போச்சு. இப்ப உக்காந்த வேலைதான் குடுத்திருக்காங்க. நல்லாதான் இருக்கேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீ ரெண்டு காலும் நல்லா இருந்தவனைத்தானே கட்டிக்கிட்ட. எப்படிச் சொல்றது?" என்றார்.

அவள் அந்த அட்டையைக் கீழே வைத்தாள். கையில் அடுத்த அட்டை இருந்தது. ஜம்ப். அதில் அவள் வரைந்த பொம்மை இரண்டு கையையும் விரித்து அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தாள், மடியில் கவிழ்த்து வைத்தாள்.

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். பேசியது என்னவென்று அவருக்குப் புரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் ரிப்பனை அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டுத்தான் பேசினார். "பயந்துபோன ஒருத்திக்காகப் பாடத்தைத் தூக்கிப் போட்டீர்கள். பிடிவாதக்காரர் ஒருத்தரை நடக்கவும் வைத்துவிட்டீர்கள். எனக்கு இது போதும். அடுத்த மாதம் வந்து சேர முடியுமா?"

ஏசிக்காரர் அவசரமாகத் திரும்பினார். "இந்தாம்மா, அவசரப்படாத. இங்க வந்து என்னைப் பாத்துக்கிட்டுக் கஷ்டப்படவா? ஊர்லயே இரு. அடுத்த வருஷம் பாக்கலா..."

டீச்சர் கடைசி அட்டையைத் தூக்கினாள். "சிட் டவுன்."

அவர் வாயை மூடிக்கொண்டு நாற்காலிக்கு நடந்து வந்து உட்கார்ந்தார்.

"எஸ், மேடம்" என்றாள் டீச்சர். "வர்றேன்."